ரயில்பூவுக்கு ஒரு பழுப்புப் பட்டை

சகலையின் வீட்டில் ஒரு மாடி கூடுதலாக இருந்தால் பொறாமைப்படலாம். சகலைக்குச் சம்பளம் அதிகம் என்றாலும் பொறாமைப்படலாம். ஊர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாது. ஆனால் சகலையின் செடி அழிந்துகொண்டிருக்கிறதே, நம் செடி அழிய மாட்டேன் என்கிறதே என்று வயிறெரிந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

தாவரவியல் தோட்டத்தின் காப்பகத்தில் அவருக்கு முப்பத்தோரு வருட வேலை. காப்பகம் என்றால் செத்த செடிகளின் நூலகம். காட்டிலிருந்து செய்தித்தாள் மடிப்புக்குள் நசுங்கிக் காய்ந்து வரும் செடியைக் கெட்டித்தாளில் பசை தடவிப் படுக்கவைக்க வேண்டும். தண்டு முறுக்கிக்கொண்டு எழுந்தால் வெள்ளை நாடாவால் கட்ட வேண்டும். வலது கீழ்மூலையில் சீட்டு ஒட்ட வேண்டும்: என்ன செடி, எந்தக் குடும்பம், எங்கே கிடைத்தது, யார் எடுத்தது, என்ன தேதி, எத்தனையாவது எண். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் பசைக்காரர். இயக்குநரம்மாகூட அவசரத்தில் அப்படிக் கூப்பிட்டுவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வார். அவர் ஒட்டிய தாளில் ஒரு இதழ் மடிந்திருக்காது, ஒரு விரல்ரேகை பதிந்திருக்காது. கை அவ்வளவு சுத்தம். மனசின் கதைதான் இது.

சகலைக்கும் அதே தோட்டத்தில்தான் வேலை. மாமனார் அங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர். நாற்று பொறுக்குகிற மாதிரி இரண்டு மாப்பிள்ளைகளையும் அங்கிருந்தே பொறுக்கிக்கொண்டார். பெரிய பெண்ணுக்குப் பசைக்காரர், சின்னப் பெண்ணுக்கு மலையேறிச் செடி சேகரிக்கிறவர். சகலைக்கு நெட்டைக் கால். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறையில் பல்லி மாதிரி ஒட்டுவார். பசைக்காரருக்கு நாற்காலிதான் மலை. அதிலும் குஷன் வேண்டும்.

இருபது வருடத்துக்கு முன் ஒரே வருடத்தில் இருவரும் ஆளுக்கொரு புதுச் செடியைக் கண்டுபிடித்தார்கள். சகலை கயிற்றில் தொங்கிக்கொண்டு, அருவிச் சாரல் படும் பாறைப் பிளவில் கண்டுபிடித்தார். பசைக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்தார். பழைய தாள்களுக்குப் பசை புதுப்பித்துக்கொண்டிருந்தபோது, ஒரே பெயரில் அடுக்கியிருந்த பதினாறு தாள்களில் ஏழில் மட்டும் பூவின் உதடு இரண்டாகப் பிளந்திருப்பதைப் பார்த்தார். எழுபது வருடமாக எத்தனையோ பெரிய படிப்பாளிகள் புரட்டிய தாள்கள் அவை. ஒருவர் கண்ணிலும் படவில்லை. உண்மையிலேயே பெரிய காரியம்தான். என்ன, கயிறு இல்லை, சாரல் இல்லை. பத்திரிகைக்காரன் வந்தால் எதைப் படம் எடுப்பான்? பசைக் கிண்ணத்தையா?

இரண்டு செடியும் இஞ்சிக் குடும்பம். ஒரே குடும்பம் மட்டுமில்லை, ஒரே பேரினம். அதற்குக் கீழேதான் சிற்றினம் என்ற இடத்தில் பிரிகின்றன. மாமியார் வீட்டில் இரண்டு மாப்பிள்ளைகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் கண்டவர் பெயரையே லத்தீன் வால் சேர்த்து வைத்தார்கள். ஒரே ஆய்விதழில், ஒரே மாத இதழில் அறிவிப்பு வந்தது. சகலையுடையது பதினான்காம் பக்கம், இவருடையது முப்பத்தொன்று. அந்தப் பதினேழு பக்கத்தை இவர் இன்னும் மறக்கவில்லை.

சகலையின் செடிக்கு ஊதாப் பூ. முதலில் பூ வரும், பூ வாடிய பிறகுதான் இலை வரும். மண்ணுக்குள் அவரைக்கொட்டை அளவு ஒரே ஒரு கிழங்கு. சாரலும் நிழலும் பாறை இடுக்குப் பாசியும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் அடுத்த வருடம் தலைகாட்டாது. உலகத்திலேயே அந்த ஒரு பாறையில்தான் இருக்கிறது. யாரும் பார்க்காத செடி என்பதால் அதற்கு நாட்டுப்பெயர்கூடக் கிடையாது. காப்பகத்தில் சும்மா ‘ஊதா’ என்பார்கள்.

பசைக்காரரின் செடிக்குச் சிவப்புப் பூ. ஈரமான எந்த மண்ணும் போதும். அறிவிப்பு வந்த மறு மாதமே தெரிந்தது, அவர் வீட்டுக்குப் பின்னால் ஓடும் தண்டவாளத்தின் இரண்டு பக்கச் சாக்கடையிலும் அதுதான் நிற்கிறது என்று. அடுத்த ஸ்டேஷனிலும் நின்றது. அதற்கடுத்த ஸ்டேஷனில் கழிப்பறைக்குப் பின்னால் தோப்பாக நின்றது. அதற்கு ஊர் முன்னாலேயே பெயர் வைத்திருந்தது: ரயில்பூ. லத்தீனில் இருந்த அவர் பெயரை ஒருவரும் சீந்தவில்லை.

செடிகள் எவ்வளவு ஆபத்தில் இருக்கின்றன என்று பத்து வருடத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்துத் தரம் பிரிப்பார்கள். முதல் கணக்கெடுப்பில் ஊதாவுக்கு ‘மிக அருகிய இனம்’ என்று வந்தது. ரயில்பூவுக்கு ‘கவலை குறைந்த இனம்’ என்று வந்தது. அன்றைக்குத்தான் பசைக்காரரின் கவலை தொடங்கியது.

‘மிக அருகிய’ என்று வந்ததும் சகலைக்கு வாழ்வு வந்துவிட்டது. தோட்டத்து வாசலில் ஊதாவின் படம் ஆளுயரத்துக்கு எழுந்தது. செய்தித்தாளில் கயிற்றோடு சகலை சிரித்தார். மாமியார் அதை வெட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு, கூடத்தில் மாமனார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். மாமனார் போய்ச் சேர்ந்தவர். இவன் உயிரோடு இருக்கும்போதே அந்தச் சுவரில் இடம் பிடித்துவிட்டானே என்று பசைக்காரருக்குக் காதில் புகை வந்தது.

எல்லாவற்றையும்விட அவரைக் குடைந்தது ஒரு பழுப்புத் தாள். ஊதா இருக்கும் இடம் வெளியே தெரிந்தால் செடி திருடுகிறவர்கள் போய்விடுவார்கள் என்று, அரிய செடிகளின் தாளில் ‘எங்கே கிடைத்தது’ என்ற வரியின்மேல் பழுப்புக் காகிதப் பட்டை ஒட்டி மறைப்பது காப்பகத்து வழக்கம். சரியான இடம் ஒரு முத்திரையிட்ட உறைக்குள், இயக்குநரம்மாவின் அலமாரியில் இருக்கும். ஊதாவின் சீட்டு இவர் மேசைக்கு வரும்போதே பட்டை ஒட்டித்தான் வந்தது. முப்பத்தோரு வருடமாக ஒட்டுகிறவருக்கு இன்றுவரை காட்டவில்லை. அவர் செடிக்கோ முகவரி ஊரறிந்தது: ‘தண்டவாள ஓரம், எங்கும்.’

“உன் தங்கச்சி புருஷன் செடி எங்க இருக்குன்னு உனக்காவது தெரியுமா?” என்று ஒருநாள் மனைவியிடம் கேட்டுப் பார்த்தார்.

“அவளுக்கே தெரியாதாம். கேட்டா ரகசியம்னு சிரிக்கறாராம்.”

“கட்டினவகிட்ட என்ன ரகசியம்?”

“உங்ககிட்ட ரகசியமே கிடையாது, அதான் குறை,” என்றாள் மனைவி. கொடியில் துணி உலர்த்திக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளுக்குத் தங்கைமேல் துளி பொறாமை கிடையாது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இந்த வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து அவர் ஒருத்தரே பொறாமைப்பட வேண்டியிருந்தது.

ஓய்வுபெறப் பதினான்கு மாதம் இருந்தபோது இரண்டு விஷயம் நடந்தது. இரண்டாவது கணக்கெடுப்பு அடுத்த மழைக்காலத்தில் என்று கடிதம் வந்தது. அதே வாரம், தோட்டக்காரர் ஒருவர் களைக்கொத்தியால் ரயில்பூவைக் கொத்திக் கூடையில் போடுவதை இவர் கண்ணால் பார்த்தார்.

“ஐயா, அது புது இனம் ஐயா!”

“களைப் பட்டியல்ல இருக்கு சார். நாலாவது. அம்மா கையெழுத்துப் போட்டிருக்காங்க,” என்றார் தோட்டக்காரர். “உங்களுக்குத் தெரிஞ்ச செடியா?”

தன் பெயரே வைத்த செடி என்று எப்படிச் சொல்வது? காப்பகத்துக்குத் திரும்பிப் போய்ப் பசைக் கிண்ணத்தைக் கிளறினார். கிளறக் கிளற ஒரு யோசனை பிறந்தது. செடிக்குத் தரம் வருவது எதனால்? எண்ணிக்கை குறைவதால். எண்ணிக்கை தானாகக் குறையாவிட்டால்?

அவர் பேராசைக்காரர் இல்லை. ‘மிக அருகிய’ வேண்டாம், ‘அருகிய’கூட வேண்டாம். அதற்கும் கீழே ‘அழிவாய்ப்புள்ள’ என்று ஒரு படி இருக்கிறது. அந்தக் கடைசிப் படியில் ஒரு கால் வைத்தால் போதும். களைப் பட்டியலிலிருந்து வெளியே வந்து, ஒரு சிறிய பலகையோடு ஓய்வுபெறலாம்.

மறுநாளிலிருந்து விடியற்காலை நடைப்பயிற்சி தொடங்கினார்.

“சாக்கு எதுக்கு?” என்றாள் மனைவி.

“சர்க்கரை ஏறியிருக்குன்னு டாக்டர் சொன்னார்ல.”

“சாக்கோட நடந்தா சீக்கிரம் இறங்குமா?”

சாக்கைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். தண்டவாள ஓரம் மண்டி போட்டுத் தன் பெயரைத் தாங்கிய செடியைத் தானே பிடுங்கினார். உலகத்தில் வேறு எந்தக் கண்டுபிடிப்பாளருக்கும் வாய்க்காத உடற்பயிற்சி. முதல் நாள் இருநூற்றுப் பன்னிரண்டு. மூன்றாம் வாரத்தில் வேகம் பிடித்துவிட்டது.

பிடுங்கியதை எங்கே போடுவது? ஈரக்கிழங்கு எரியாது, புகையும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். ஊர்க் குப்பை உரமாகித் தோட்டத்துக்கே வரும். காப்பகத்து உலர்த்தும் அடுப்பில் போட்டால் பதிவேட்டில் எழுத வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து ஏறினார். பேருந்து முடிகிற இடத்தில்தான் தெரிந்த முகங்களும் முடியும் என்று கணக்குப் போட்டு, மலைமேல் கடைசி நிறுத்தத்தில் இறங்கினார். டீக்கடைக்குப் பின்னால் ஒரு ஓடை இறங்கியது. நல்ல நிழல், ஆள் நடமாட்டம் இல்லை. சாக்கை அங்கே கவிழ்த்தார். பன்னிரண்டு ஞாயிறு, இருபத்துநாலு சாக்கு.

இதில் அவருடைய கை ஒரு வேலை செய்தது, அதை அவர் மூளை கவனிக்கவில்லை. குப்பையாக வீசுவதென்றாலும் முப்பத்தோரு வருடப் பழக்கம் விடுமா? கிழங்குகளை வேர் ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம் சீராக வைத்து, பன்னிரண்டு பன்னிரண்டாகச் செய்தித்தாளில் சுற்றி, வெள்ளை நாடாவால் தன் முடிச்சைப் போட்டுத்தான் சாக்கில் அடுக்கினார். ஒவ்வொரு கட்டிலும் ஓர் அட்டைத் துண்டு, அதில் தேதியும் தன் வரிசை எண்ணும். பென்சிலால் எழுதினார். மை மழையில் கரையும், பென்சில் கரையாது என்று காப்பகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான்.

இன்னொன்றையும் அவர் மறந்துவிட்டார். மறந்தார் என்பதைவிட, தெரியாது என்பதே சரி. காய்ந்த செடியில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. உயிருள்ள செடியிடம் அவருக்குப் பழக்கம் போதாது. அவரைக்கொட்டை அளவு ஒற்றைக் கிழங்குக்காரி ஊதா. ரயில்பூவின் கிழங்கோ விரல் விரலாக ஓடுவது. பிடுங்கும்போது உடைந்த ஒவ்வொரு துண்டும் ஒரு செடி.

மழை வந்தது. தண்டவாள ஓரத்தில் பிடுங்கிய இடமெல்லாம் உடைந்து நின்ற துண்டுகள் முளைத்து, போன வருடத்தைவிட மூன்று மடங்காகப் பூத்தன. ரயில் பயணிகள் ஜன்னல் வழியாகப் படமெடுத்தார்கள்.

“இந்த வருஷம் உங்க பூ ஜோரா இருக்கே அத்தான்!” என்று மச்சினி ஃபோன் செய்து சொன்னாள். “அவரோடது போன வருஷமே நாலு கம்மி, இந்த வருஷம் முழங்கால் வலியில போய் எண்ணவும் முடியலையாம். பாவம், சாப்பாடே இறங்கலை அவருக்கு.”

நாலு கம்மி! பசைக்காரருக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

கணக்கெடுக்க வந்த பெண் ஆய்வாளர் சுறுசுறுப்பானவர். ரயில்பூவை ஸ்டேஷனில் இறங்கும்போதே பார்த்துவிட்டார். நோட்டில் ஒரே வரி எழுதி மூடினார். பசைக்காரர் அருகில் போய், “அடுத்த ஸ்டேஷனும் பார்க்கணுமா மேடம்?” என்று கேட்டார். “வேண்டாம் சார், இதுவே தாங்கலை,” என்று சிரித்தார் அவர்.

ஊதாவைப் பார்க்க மறுநாள் புறப்பட்டார்கள். சகலைக்கு முழங்காலில் வலி, சுமை தூக்க முடியாது. கயிற்றுச் சுருளும் அளவுநாடாவும் தூக்கிவர நம்பகமான ஆள் வேண்டும். இயக்குநரம்மா உறையைப் பிரித்து ஆய்வாளரிடம் கொடுத்துவிட்டு, “நம்ம பசை... நம்ம சார் வரட்டும். குடும்பத்துக்குள்ளயே இருக்கும் ரகசியம்,” என்றார்.

இருபது வருடமாகப் பட்டைக்குக் கீழே இருந்த இடம்! பேருந்தில் பசைக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் சகலை எழுந்திருக்கிறாரா என்று பார்த்தார். எழுந்திருக்கவில்லை. மலை ஏறியது. தெரிந்த வளைவு ஒன்று வந்தது. தெரிந்த மைல்கல் ஒன்று வந்தது. கடைசி நிறுத்தத்தில் சகலை எழுந்தார்.

“இங்கயா?” என்றார் பசைக்காரர். குரல் கீச்சென்று வந்தது.

“இங்கதான் அண்ணே. அந்த டீக்கடைக்குப் பின்னால ஒரு ஓடை இறங்கும். அதைப் பிடிச்சு அரை மணி நேரம்.”

டீக்கடைக்காரர் வேறு எட்டிப் பார்த்து, “என்ன சார், இந்த வாரம் சாக்கு இல்லையா?” என்று கேட்டுத் தொலைத்தார். பசைக்காரர் காது கேட்காதவர் மாதிரி வானத்தைப் பார்த்தார்.

ஓடைக்குள் பத்தடி வைத்ததும் ஆய்வாளர் நின்றார். இரண்டு கரையிலும் சிவப்பு. ஈரமண், நல்ல நிழல், தண்டவாளத்து எண்ணெய்ப் புகை இல்லாத காற்று; ரயில்பூ தன் வாழ்நாளில் இப்படிக் கொழுத்ததில்லை.

“இது எப்படி இங்க? போன கணக்குல இந்த மலையிலயே இல்லையே!”

“போன வருஷம்கூட இல்ல மேடம்,” என்றார் சகலை. முழங்காலை மறந்து வேகமாக இறங்கினார்.

கீழே பாறை வந்தது. சாரல், பாசி, இடுக்கில் ஊதா. பசைக்காரர் முதல்முறையாக அதை உயிரோடு பார்த்தார். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத பூ. இதற்காகவா ஆளுயரப் படம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு குனிந்து பார்த்தார். பூவின் உதட்டில் தண்ணீர் ஒரு சொட்டு நின்றது. ஊதா அதற்குள் வேறு ஊதாவாக இருந்தது. தாளில் ஒட்டும்போது இந்த நிறம் பழுப்பாகத்தான் வந்திருந்தது. இவ்வளவு அழகாக வேறு இருக்கிறதே என்று வயிறு இன்னொரு சுற்று எரிந்தது.

சகலை விரல் விட்டு எண்ணினார். நாற்பத்துமூன்று. பாறையின் மேல்விளிம்பில், ஓடையோடு வந்து ஒதுங்கிய ரயில்பூ முப்பது நாற்பது இலை விரித்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று இடுக்குக்குள்ளேயே இறங்கிவிட்டது.

“ஒரே குடும்பம்தானே மேடம். பக்கத்துல பக்கத்துல இருந்தா என்ன?” என்றார் பசைக்காரர் பலவீனமாக.

“ஒரே குடும்பம்ங்கறதுதான் சார் பிரச்சினை. ரெண்டுக்கும் அதே தண்ணி வேணும், அதே நிழல் வேணும், அதே வண்டு வேணும். இது வேகமா வளரும், அது வளராது.” ஆய்வாளர் நோட்டை எடுத்தார். “இப்படியே விட்டா அஞ்சாறு வருஷம். அப்புறம் இது அற்றுப்போன இனம்.”

அற்றுப்போன இனம். தரப்பட்டியலில் அதற்கு மேல் படியே கிடையாது. பசைக்காரர் கண்முன் எல்லாம் ஓடியது: உலகத்தில் ஊதாவைக் கடைசியாகக் கண்ட மனிதராகச் சகலை மேடையில், எல்லா ஊர்ப் பத்திரிகையிலும் கயிறு, காப்பகத்தில் அந்த ஒற்றைத் தாளுக்குத் தனிக் கண்ணாடிப்பெட்டி, மாமியார் கையில் இரண்டாவது சட்டம். அதுவும் யார் புண்ணியத்தில்? இவர் புண்ணியத்தில்!

“பிடுங்கிடலாம் மேடம்!” என்று கத்தினார். “ஒண்ணு விடாம! நானே பிடுங்கறேன்!”

அப்படியே மண்டி போட்டு, பசை வழிக்கும் தகட்டுக்கத்தியை எடுத்து, இடுக்கிலிருந்த முதல் செடியைத் துண்டு உடையாமல் வேரோடு நெம்பினார். இந்த முறை கற்றுக்கொண்டிருந்தார்.

ஆய்வாளர் நெகிழ்ந்துபோனார். “உங்க பேர் வச்ச செடி சார். மனசு வருதா?”

“பழகிடுச்சு மேடம்,” என்றார் பசைக்காரர். அன்று முழுக்க அவர் பேசிய ஒரே உண்மை அது.

சகலை மேல்விளிம்பில் ஒரு கொத்துச் செடிக்குக் கீழே கையை விட்டு எதையோ இழுத்தார். வெள்ளை நாடா. மண்ணேறி அழுக்காகியிருந்தாலும் முடிச்சு அவிழவில்லை. காப்பகத்தில் அந்த முடிச்சைப் போடத் தெரிந்தவர் ஒருவர்தான். நாடாவில் ஓர் அட்டைத் துண்டு. பென்சில் எழுத்து பளிச்சென்று இருந்தது. சகலை அதைப் படித்தார். பசைக்காரரைப் பார்த்தார். ஆய்வாளர் திரும்புவதற்குள் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பசைக்காரர் கத்தியை அடுத்த செடிக்கடியில் குத்தினார். காட்டிக்கொடுத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார். பெருந்தன்மையிலும் இந்தப் பயல் முந்திக்கொண்டானே!

மாலை, பேருந்துக்குக் காத்திருக்கும்போது ஆய்வாளர் டீ குடிக்கப் போனார். சகலை பெஞ்சில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அட்டையை எடுத்தார்.

“ஏன் அண்ணே?”

“களைப் பட்டியல்ல நாலாவதுடா,” என்றார் பசைக்காரர். இருபது வருடத்துப் பேச்சு அந்த ஒரு வரியில் வந்து நின்றுவிட்டது. “நாலாவது! என் பேரு! கொஞ்சம் குறைஞ்சா ஒரு படி ஏறும்னு நினைச்சேன். உன் பாறை இங்கதான் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் பட்டை ஒட்டி வச்சிருக்கீங்களே!”

“அப்போ தப்பு என்மேலயா?”

“உன்மேல இல்ல. பட்டைமேல.”

சகலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபப்பட வேண்டிய நேரத்தில் சிரித்துவிட்டோமே என்று கோபமும் வந்தது. “அண்ணே, உங்க செடியை நினைச்சு ஒரு நாளாவது பயந்திருக்கீங்களா? மழை தள்ளினா எனக்கு வயித்தைக் கலக்கும். மழை ஜாஸ்தியானா பாறை சரிஞ்சிடுமோன்னு கலக்கும். வருஷா வருஷம் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி, யார்கிட்டயும் சொல்லவும் முடியாம... நீங்க என்னடான்னா ஜன்னலைத் திறந்தா உங்க செடி.”

“அதான் குறை.”

“அது குறையா? கொடுப்பினை அண்ணே!”

பிறகு சகலை அட்டையை மறுபடியும் பையில் வைத்தார். “யார்கிட்டயும் சொல்லலை. ஆனா நீங்க நட்டதை நீங்கதான் பிடுங்கணும். ஞாயித்துக்கிழமை பஸ் உங்களுக்குப் பழக்கம்தானே?”

அறிக்கை மூன்று மாதத்தில் வந்தது. ஊதா: மிக அருகிய இனம், மாற்றமில்லை. ரயில்பூ: கவலை குறைந்த இனம், பரவல் அதிகரித்துள்ளது. ஊதாவுக்கான ஆபத்துகள் என்ற தலைப்பின் கீழே ஒரு வரி இருந்தது: ‘மனித நடவடிக்கையால் அதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு செடி வந்து சேர்ந்திருக்கிறது.’ பசைக்காரர் அந்த வரியைப் பலமுறை படித்தார். ஊதாவின் வரலாற்றில் அவருக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது. பெயரில்லாமல், ‘மனித நடவடிக்கை’ என்று.

ஞாயிறுதோறும் போனார். மனைவி இப்போது சாக்கைப் பற்றிக் கேட்பதில்லை, அவளே மடித்துக் கொடுத்தாள். தங்கை வழியாக அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்தக் குடும்பத்தில் செடி இருக்கும் இடம் மட்டும்தான் ரகசியம். தோண்டிய கிழங்கை முறையாகப் பதிவேட்டில் எழுதி உலர்த்தும் அடுப்பில் போட்டார். எங்கே எவ்வளவு பரவியது என்பதற்குச் சாட்சியாக வாரத்துக்கு இரண்டு தாள் ஒட்டி வைக்கும்படி ஆய்வாளர் எழுதியிருந்தார். ஒட்டினார். ஒரு நாள் இயக்குநரம்மா அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

“என்ன சார் இது, இடத்தை அப்படியே எழுதியிருக்கீங்க?”

“ரயில்பூதானே அம்மா.”

“ரயில்பூதான். ஆனா இது அந்த ஓடையில எடுத்தது. இதைப் படிச்சா ஊதா எங்க இருக்குன்னு தெரிஞ்சிடாதா? மறைச்சு ஒட்டுங்க.”

பசைக்காரர் இழுப்பறையிலிருந்து பழுப்புக் காகிதத்தை எடுத்தார். ஓரம் பிசிறில்லாமல் வெட்டினார். பசை தடவினார். அவர் பெயர் பொறித்த செடியின் சீட்டில், ‘எங்கே கிடைத்தது’ என்ற வரியின்மேல் பட்டையை வைத்துக் கட்டைவிரலால் மெல்ல நீவினார். ஒரு குமிழ் எழவில்லை. ஓய்வுபெறுவதற்குள் அப்படி நாற்பத்தாறு தாள் ஒட்டினார். ரயில்பூவுக்குத் தனியாக ஒரு அலமாரித் தட்டே ஒதுக்க வேண்டியதாயிற்று. ஊதாவுக்கு அன்றும் ஒரே தாள்தான். அருகிய இனத்தை இரண்டாவது முறை பறிக்க அனுமதி கிடையாது.

கடைசி வாரம் சகலை காப்பகத்துக்கு வந்தார். தட்டைத் திறந்து ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்தார். நாற்பத்தாறிலும் பட்டை.

“பரவாயில்லையே அண்ணே,” என்றார். “உங்களுக்கு ஒரு தட்டு முழுக்க ரகசியம். எனக்கு ஒண்ணே ஒண்ணு.”

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் பசைக்காரர் பசைக் கிண்ணத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். பதினாறு தாளில் ஏழைப் பிரித்தெடுத்த ஆள் அவர். அந்தக் குரலைக் கேட்டதும் எந்தக் குடும்பம், எந்தப் பேரினம், எந்தச் சிற்றினம் என்று ஒரே நொடியில் அடையாளம் தெரிந்துவிட்டது.

“உட்காரு சகலை,” என்றார், இருபது வருடத்தில் முதல்முறையாக வாயெல்லாம் சிரிப்பாக. “டீ சொல்றேன்.”